டிசம்பர் 25: கிறிஸ்து பிறப்பு விழாவின் தோற்றமும் பொருளும் குறித்துச் சென்னைக் கிறிஸ்தவர்களின் பார்வைகள்

கிறிஸ்து பிறப்பு விழா அல்லது கிறிஸ்துமஸ் என்பது இயேசு கிறிஸ்துவின் பிறப்பை நினைவுகூர்ந்து கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் திருநாள் ஆகும். உலகின் பெரும்பாலான திருச்சபைகள் இதனை டிசம்பர் 25 அன்று கொண்டாடுகின்றன. ஆனால் இந்த நாள் எப்படி வந்தது, இதைக் கொண்டாடுவது முறையா, கொண்டாடினால் அதன் பொருள் என்ன என்னும் கேள்விகளுக்குக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே விடை தருவதில்லை.

இந்த வேறுபாடுகளை ஒரே நகரத்தில் வைத்துப் பார்க்கச் சென்னை இடம் தருகிறது. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலிக்குக் கூட்டம் நிரம்பி வழிகிறது. தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் தலைமையகம் கொண்ட தி பெந்தெகொஸ்தே மிஷன் சபையாருக்கு அது பண்டிகை நாளே அன்று. பரங்கிமலை உச்சியில் உள்ள ஆலயம் டிசம்பர் 18ஆம் நாளுக்குரிய ஒரு விழாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியர் கட்டிய கோயிலோ ஜனவரி 6ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் கொண்ட மரபைச் சேர்ந்தது.

இது ஏட்டில் மட்டும் உள்ள வேறுபாடு அன்று. ஒரே குடும்பத்தில் அண்ணன் வாசலில் விண்மீன் விளக்கைக் கட்ட, தம்பி அதைப் புறமதத்தாரின் வழக்கம் என்று சொல்லி விலகி நிற்பதும், சம்பந்தி வீட்டுப் பலகாரத் தட்டை வாங்குவதா வேண்டாமா என்று மணமான பெண் தயங்குவதும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் அறிந்தவையே. இரு தரப்பாரும் வரலாற்றைச் சான்றுக்கு அழைக்கிறார்கள். ஆகவே அந்த வரலாறு உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

பெயர்கள்

கிறிஸ்துமஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் 'கிறிஸ்துவின் திருப்பலி' என்று பொருள். தமிழகக் கத்தோலிக்கர் 'கிறிஸ்து பிறப்புப் பெருவிழா' என்பர். சீர்திருத்த சபையார் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் பண்டிகை என்றே வழங்குவர். இலங்கைத் தமிழர் நத்தார் என்கின்றனர். இது பிறப்பு என்னும் பொருளுடைய 'நத்தால்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது; அச்சொல்லின் மூலம் இலத்தீனில் பிறந்தநாளைக் குறிக்கும் 'நத்தாலிஸ்'. பின்னால் சூரியனுடைய பிறந்தநாள் பற்றிய வாதம் வரும்போது இந்தச் சொல்லை மீண்டும் சந்திக்க நேரும்.

வேதநூல் சொல்வதும் சொல்லாததும்

நான்கு நற்செய்தி நூல்களில் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே இயேசுவின் பிறப்பை விவரிக்கின்றன. மாற்கு, இயேசு வளர்ந்து திருமுழுக்குப் பெறுவதிலிருந்து தொடங்குகிறது. யோவான் வரலாற்றுக்கு முந்தைய தொடக்கத்திலிருந்து தொடங்குகிறது. நாளோ மாதமோ எந்த நூலிலும் இல்லை.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் இரவில் வயல்வெளியில் கிடை காத்திருந்தார்கள் என்று வருகிறது. இதைக் கொண்டு, குளிரும் மழையுமான டிசம்பரில் ஆடுகளை வெளியில் விட்டிருக்க மாட்டார்கள், ஆகவே பிறப்பு வேறு மாதத்தில்தான் என்று ஒரு சாரார் வாதிடுவர். பெத்லகேமின் குளிர் நிலத்தை ஆண்டுதோறும் பனி மூடும் ஐரோப்பியக் குளிர் அன்று, குளிர்காலத்திலும் மந்தைகள் வெளியில் இருந்ததுண்டு என்பது மறுப்பு. மேய்ப்பர்களை வைத்து மாதத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதே நேர்மையான முடிவு.

இன்னொரு கணக்கு சகரியாவைச் சார்ந்தது. திருமுழுக்கு யோவானின் தந்தையாகிய சகரியா, அபியா வகுப்பைச் சேர்ந்த ஆசாரியர் என்று லூக்கா சொல்கிறார். முதலாம் நாளாகமம் 24ஆம் அதிகாரத்தின்படி 24 ஆசாரிய வகுப்புகளில் அது எட்டாவது. அந்த வகுப்பின் பணிமுறை எப்போது வந்தது என்று கணித்து, ஆறு மாதம் கூட்டி, ஒன்பது மாதம் கூட்டினால் கிறிஸ்துவின் பிறப்பு மாதம் கிடைக்கும் என்பர். சிலருக்கு இக்கணக்கில் செப்டம்பரும் அக்டோபரும் வருகின்றன. 4ஆம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோமுக்கு இதே சகரியாவை வைத்து டிசம்பர் வந்தது. அவர் சகரியாவைத் தலைமை ஆசாரியராகக் கொண்டு, காட்சி கண்ட நாளைப் பாவநிவாரண நாள் என எடுத்துக்கொண்டார். லூக்கா அப்படிச் சொல்லவில்லை. தொடக்கப் புள்ளியை மாற்றினால் விடையும் மாறும் கணக்கு இது.

முதல் மூன்று நூற்றாண்டுகள்

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களின் பெருவிழா உயிர்ப்பு விழாவே. பிறந்தநாள் கொண்டாடுவதில் அவர்களில் சிலருக்கு விருப்பமே இருக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரிகன், வேதநூலில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற தீயவர்களே என்று சுட்டிக்காட்டினார். இன்று கிறிஸ்துமஸை மறுப்போரும் இதே வாதத்தைச் சொல்கின்றனர். புதிய வாதம் என்று பலர் எண்ணும் இதற்கு வயது ஏறத்தாழ 1,800 ஆண்டுகள்.

அலெக்சாந்திரியாவின் கிளமெந்து ஏறத்தாழ கி.பி. 200இல், இயேசு பிறந்த நாள் பற்றித் தம் காலத்தில் உலவிய கருத்துகளைக் குறித்து வைத்தார். எகிப்திய மாதக் கணக்கில் சொல்லப்பட்ட அந்நாள்களில் ஒன்று மே 20க்கும், வேறு சில ஏப்ரல் 19, 20 ஆகியவற்றுக்கும் இணையானவை. டிசம்பர் 25 அந்தப் பட்டியலில் இல்லை. பசிலிதெஸ் என்பாரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்துவின் திருமுழுக்கை ஜனவரி 6ஐ ஒட்டி நினைவுகூர்ந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். ஜனவரி 6 முதலில் தலைகாட்டுவது இங்கேதான்.

இதிலிருந்து சென்னைக்குரிய ஒரு செய்தியும் கிடைக்கிறது. திருத்தூதர் தோமா கி.பி. 52இல் இந்தியா வந்து, 72இல் மயிலாப்பூர்ப் பகுதியில் உயிர்நீத்தார் என்பது மரபு. அந்த மரபை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அவர் இங்கு டிசம்பர் 25ஐக் கொண்டாடியிருக்க முடியாது. அப்படி ஒரு விழா அன்று எங்குமே இல்லை.

354ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம்

டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள் எனக் குறிக்கும் மிகப் பழைய ஆவணம் உரோமை நகரில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டித் தொகுப்பு. நம் ஊர்ப் பஞ்சாங்கம்போல் பல பட்டியல்களைக் கொண்டது அது. அதிலுள்ள மறைசாட்சியர் பட்டியலின் அடிப்படை 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர். அப்போது ஆட்சியில் இருந்தவர் பேரரசர் கான்ஸ்டன்டைன். 'கான்ஸ்டன்டைன் ஆணையிட்டு டிசம்பர் 25ஐ நிறுவினார்' என்று பள்ளிப் பாடக் குறிப்புகளில்கூட எழுதப்படுவதற்கு இந்த ஆண்டுப் பொருத்தமே காரணமாக இருக்கலாம். அப்படி ஓர் ஆணை எதுவும் கிடைக்கவில்லை.

அதே தொகுப்பிலுள்ள வேறொரு பட்டியல், அதே டிசம்பர் 25ஐ 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள்' என்று குறிக்கிறது. வெல்லப்படாதவர் என்பது சூரியக் கடவுள். இவருக்குப் பேரரசர் அவுரேலியன் 274இல் உரோமையில் பெருங்கோயில் எழுப்பினார். இரண்டு பிறந்தநாள்கள், ஒரே தேதி, ஒரே நூல். இங்கிருந்துதான் விவாதம் பிறக்கிறது.

ஒரு விளக்கம், சூரிய விழாவின் இடத்தில் திருச்சபை கிறிஸ்துவின் விழாவை வைத்தது என்பது. 12ஆம் நூற்றாண்டின் சிரியத் திருச்சபை ஆசிரியர் தியோனிசியுஸ் பார் சாலிபியின் நூலில் பிறர் எழுதிச் சேர்த்த குறிப்பு ஒன்று இதை வெளிப்படையாகவே சொல்கிறது. உரோமையர் சூரிய விழாவுக்கு விளக்கேற்றினர், கிறிஸ்தவர்களும் அதில் ஈடுபட்டனர், எனவே பிறப்பு விழா ஜனவரி 6இலிருந்து அந்த நாளுக்கு மாற்றப்பட்டது என்பது அதன் சாரம். ஆனால் இது நிகழ்ச்சிக்கு 800 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. எழுதியவரோ ஜனவரி 6 மரபுக்கு ஆதரவானவர். எதிர்த் தரப்பின் சாட்சியத்தை அந்த அளவுக்கே எடைபோட வேண்டும். இதைவிட வலுவான சான்று 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோவின் மறையுரை. பேதுரு பேராலயத்துக்கு வரும் கிறிஸ்தவர்கள் படியேறியதும் திரும்பிச் சூரியனை வணங்கிவிட்டு உள்ளே வருகிறார்கள் என்று அவர் வருந்துகிறார். மக்கள் மனத்தில் இரண்டும் கலந்திருந்தன என்பதற்கு இது போதும்.

இன்னொரு விளக்கம் கணக்கைச் சார்ந்தது. பிரெஞ்சு வரலாற்று அறிஞர் லூயி துஷேன் 1889இல் இதை முன்வைத்தார். இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என்று மேற்கத்தியக் கிறிஸ்தவர்களிடையே ஒரு கருத்து இருந்தது. ஏறத்தாழ 200இல் தெர்த்துல்லியன் இதைச் சொல்கிறார். ஒரு நிறைவான வாழ்வு தொடங்கிய நாளிலேயே முடியும் என்ற எண்ணத்தில், கருவான நாளும் அதே மார்ச் 25 ஆயிற்று. அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் சிலுவைச் சாவை ஏப்ரல் 6இல் வைத்தனர்; அங்கிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. ஒரே வாய்பாட்டில் இரண்டு நாள்களுக்கும் விடை கிடைப்பது இந்த விளக்கத்தின் பலம். அகுஸ்தீன், கருவான நாளும் பாடுபட்ட நாளும் மார்ச் 25 என்றே எழுதுகிறார். ஆனால் விழா தோன்றுவதற்கு முன்பே யாரேனும் இவ்வாறு கணக்கிட்டு டிசம்பரை அடைந்ததாகத் தெளிவான எழுத்து இல்லை. அது பலவீனம்.

எது சரி? டிசம்பர் 25 சூரிய விழாதான் என்று ஐயமின்றிப் பேசுவோர் மறந்துவிடும் ஒன்று உண்டு: அந்த நாளில் சூரியனுக்கு விழா இருந்ததற்கான முதல் தெளிவான சான்றும் அதே 354ஆம் ஆண்டுத் தொகுப்புதான். எது முந்தியது என்று அதை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. அதேபோல், சூரியனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று முழுதும் மறுப்பதற்கும் இடமில்லை. மல்கியா நூலில் வரும் 'நீதியின் சூரியன்' என்னும் தொடரைக் கிறிஸ்துவுக்குச் சூட்டியவர்கள் கிறிஸ்தவர்களே.

கிழக்கே இந்த நாள் பரவியது மெதுவாகத்தான். அந்தியோக்கியாவில் 386ஆம் ஆண்டு ஆற்றிய மறையுரையில் கிறிசோஸ்தோம், இந்த நாள் தங்களுக்குத் தெரியவந்து இன்னும் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்கிறார்.

பரங்கிமலையும் டிசம்பர் 18ம்

மார்ச் 25 கணக்கின் ஒரு கிளை சென்னையிலேயே கல்லாக நிற்கிறது. புனித தோமையார் மலை எனப்படும் பரங்கிமலையின் உச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய ஆலயம், பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் மரியாளின் பெயரால் அமைந்தது. அந்தப் பெயருக்குரிய நாள் டிசம்பர் 18.

ஏன் டிசம்பர் 18? மரியாள் கருவுற்ற செய்தியை வானதூதர் சொன்ன விழா மார்ச் 25. அந்த நாள் பெரும்பாலும் தவக்காலத்தில் வந்துவிடும். சில ஆண்டுகளில் பாடுகளின் வாரத்திலேயே விழும். துக்கம் காக்கும் காலத்தில் மகிழ்ச்சி விழா எப்படி என்ற சிக்கலுக்கு, ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் 656இல் தொலேதோ சங்கத்தில் ஒரு வழி கண்டனர். விழாவைக் கிறிஸ்து பிறப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, டிசம்பர் 18க்கு மாற்றினர். ஐபீரிய நாடுகளில் வேரூன்றிய அந்த விழா போர்த்துக்கீசியக் கப்பல்களில் ஏறி மயிலாப்பூர்க் கரைக்கு வந்தது. அந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. 2005இலும் 2016இலும் புனித வெள்ளி மார்ச் 25 அன்றே வந்ததால், கத்தோலிக்கத் திருச்சபை மங்கள வார்த்தை விழாவை அந்த ஆண்டுகளில் ஏப்ரல் 4க்குத் தள்ளிவைத்தது.

அம்மலை ஆலயத்தின் பீடத்தில் உள்ள கற்சிலுவை பாரசீகத்துப் பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு டிசம்பர் 18 அன்று, இவ்விழாத் திருப்பலியின்போது அது இரத்த வியர்வை சிந்தியது என்பது மரபு. அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகக் கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையிலும் டிசம்பர் 18 சிலுவை விழாவாக உள்ளது. கருவுற்ற தாயின் விழாவும் சிலுவையின் விழாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தது, கருவான நாளே இறந்த நாள் என்ற பழைய கணக்கை நினைவூட்டுகிறது. இது திட்டமிட்டு நடந்ததன்று. ஆனால் கவனிக்கத் தக்கது.

ஜனவரி 6ஐ விடாதவர்கள்

பரங்கிமலைக்கு ஏறும் படிகளைக் கட்டுவித்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726இல் மர்மலாங் பாலம் கட்டியவரும் இவரே. இவருடைய இனத்தார் குடியிருந்த தெருவே ஜார்ஜ் டவுனின் ஆர்மேனியன் தெரு. தமிழில் அது அரண்மனைக்காரன் தெரு ஆனது. ஆர்மேனியன் என்ற சொல் வாய்க்கு வசப்படாமல் அரண்மனைக்காரனாகிவிட்டது போலும். அத்தெருவில் அரண்மனை ஏதும் இல்லை. அங்குள்ள புனித மரியாள் ஆலயம் 1712இல் கட்டப்பட்டு, 1772இல் புதுப்பிக்கப்பட்டது.

ஆர்மேனிய அப்போஸ்தலத் திருச்சபை ஜனவரி 6 அன்று கிறிஸ்துவின் பிறப்பையும் திருமுழுக்கையும் ஒருசேரக் கொண்டாடுகிறது; நீரை ஆசீர்வதிக்கும் சடங்கும் அன்று உண்டு. மற்றவர்கள் டிசம்பருக்கு மாறியபோது தாங்கள் பழைய வழக்கத்தைக் காத்தோம் என்பது அவர்களின் நிலைப்பாடு. உருசியரின் ஜனவரி 7ஐ இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. உருசியத் திருச்சபையும் டிசம்பர் 25ஐத்தான் கொண்டாடுகிறது. ஆனால் 1582இல் வந்த கிரகோரி நாள்காட்டிச் சீர்திருத்தத்தை ஏற்காத பழைய யூலியன் நாள்காட்டியின் டிசம்பர் 25 இப்போது நம் ஜனவரி 7இல் வருகிறது.

மேற்கத்திய மரபில் ஜனவரி 6 கைவிடப்படவில்லை. கீழ்த்திசை ஞானியர் குழந்தையைக் காண வந்த திருக்காட்சி விழாவாக அது நிலைத்தது. தமிழகத்தில் மூன்று ராசாக்கள் திருநாள் என்பது அதுவே.

கொண்டாட மறுத்த சீர்திருத்தவாதிகள்

கிறிஸ்துமஸ் மறுப்பு அண்மைக்காலப் பெந்தெகொஸ்தே சபைகளோடு தொடங்கியதாகத் தமிழ்நாட்டில் எண்ணப்படுகிறது. அது சரியன்று. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தத் திருச்சபை 1560இலேயே, வேதநூலில் கட்டளை இல்லாத திருநாள்கள் என்று கூறிக் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட விழாக்களை நீக்கியது. 1640இல் அந்நாட்டுப் பாராளுமன்றமும் அந்த விடுமுறையை ஒழித்தது. அங்குக் கிறிஸ்துமஸ் மீண்டும் பொது விடுமுறையானது 1958இல்தான். இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் கை ஓங்கியிருந்தபோது 1647இல் பாராளுமன்றம் கிறிஸ்துமஸை ஒழித்தது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகே அது மீண்டது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் அபராதம். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில், கோட்டையைக் கட்டிய ஆங்கிலேயரின் தாய்நாட்டில் கிறிஸ்துமஸ் தடைசெய்யப்பட்டிருந்தது!

கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட புனித மரியாள் ஆலயம் ஆங்கிலிக்கன் முறையைச் சேர்ந்தது. அம்முறையின் வழிபாட்டு நூலில் கிறிஸ்துமஸ் உண்டு. எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா கோயிலோ ஸ்காட்லாந்துத் திருச்சபையாருடையது. கிறிஸ்துமஸை ஏற்ற மரபும் நெடுங்காலம் மறுத்த மரபும் இவ்வாறு ஒரே நகரில் அருகருகே ஆலயம் எழுப்பின.

இந்த மரபுகள் பின்னர் ஒன்றாயின. 1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைக் கொண்டிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அதில் இணைந்தன. மூன்று மாதம் கழித்து வந்த டிசம்பர் 25 விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ், இந்தத் திருச்சபைக்கும் முதல் கிறிஸ்துமஸ். ஒரு காலத்தில் இதற்காகச் சட்டம் போட்டுச் சண்டையிட்டவர்களின் வழிவந்தோர் ஒரே நாள்காட்டியின்கீழ் வந்தது சிறிய செய்தியன்று. இன்று எழும்பூர்க் கோயிலிலும் கிறிஸ்துமஸ் ஆராதனை நடக்கிறது.

இன்றைய மறுப்பும் அதன் வாதங்களும்

இன்று சென்னையில் கிறிஸ்துமஸைக் கொண்டாடாதவர்களில் தி பெந்தெகொஸ்தே மிஷன் சபையார் எண்ணத்தக்கவர்கள். இச்சபை 1920களில் இலங்கையில் தோன்றி, இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில் வளர்ந்தது. பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் இந்நிலைப்பாட்டைக் கொண்டவை அல்ல. பெரும்பாலானவை சிறப்பு ஆராதனைகள் நடத்துகின்றன. பிரதரன் சபையார் பலர் திருநாள் அட்டவணை எதையும் பின்பற்றுவதில்லை. யெகோவாவின் சாட்சிகள் 1926 வரை கிறிஸ்துமஸைக் கொண்டாடிப் பின் கைவிட்டனர். இவர்களின் கடவுள் கொள்கையை மற்றத் திருச்சபைகள் ஏற்பதில்லை.

மறுப்போரின் வாதங்களில் வலுவானது எளிமையானதே: கிறிஸ்து தம் மரணத்தை நினைவுகூரச் சொன்னார், பிறப்பை நினைவுகூரச் சொல்லவில்லை. தியாகராய நகர்க் கடைவீதிகளில் டிசம்பர் மாதம் முழுதும் நடக்கும் வாணிகத்தைச் சுட்டி, இதில் பெத்லகேம் தொழுவம் எங்கே என்று அவர்கள் கேட்பதும் எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று. கடன் வாங்கிப் புத்தாடை எடுக்கும் குடும்பத்துக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஆனால் எல்லா வாதங்களும் இந்தத் தரத்தில் இல்லை. எரேமியா 10ஆம் அதிகாரத்தில் காட்டு மரத்தை வெட்டிப் பொன்னாலும் வெள்ளியாலும் அலங்கரிப்பது கண்டிக்கப்படுவதை எடுத்து, அது கிறிஸ்துமஸ் மரத்தைக் குறிக்கிறது என்பர். அந்தப் பகுதி தச்சன் செதுக்கிச் செய்யும் தெய்வச் சிலையைப் பற்றியது. வீட்டில் மரம் அலங்கரிக்கும் செருமானிய வழக்கம் அதற்கு 2,000 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது.

நிம்ரோத், செமிராமிஸ் ஆகியோரின் பாபிலோனிய விழாவே கிறிஸ்துமஸ் என்ற கதையும் தமிழ்ப் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிறது. இதன் ஊற்று ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் 1850களில் எழுதிய 'இரண்டு பாபிலோன்கள்' என்னும் நூல். அதன் கருத்தைப் பரப்பி 1966இல் நூல் எழுதியவர் அமெரிக்கப் போதகர் ரால்ப் உட்ரோ. ஹிஸ்லாப் காட்டிய மேற்கோள்களைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த அவர், சான்று இல்லை என்று கண்டு, நன்றாக விற்றுக்கொண்டிருந்த தம் நூலை நிறுத்திவிட்டு 1997இல் மறுப்பு நூல் வெளியிட்டார். அந்த மறுப்பு தமிழ்நாட்டுக்கு அவ்வளவாக வந்து சேரவில்லை. மித்ரா தெய்வம் டிசம்பர் 25இல் பிறந்தார் என்பதற்கும் பழைய சான்று கிடையாது. உரோமையரின் சதுர்னாலியா விழா டிசம்பர் 17இல் தொடங்கி 23க்குள் முடிந்துவிடும்.

கொண்டாடுவோர் பவுலின் ரோமர் நிருபம் 14ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுகிறார், மற்றவர் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதுகிறார், ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம் என்பது அதன் கருத்து. மறுப்போர் கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். நாள்களையும் மாதங்களையும் அனுசரிப்பவர்களைப் பற்றிப் பவுல் அங்குக் கவலைப்படுகிறார். இரண்டையும் எழுதியவர் ஒருவரே.

என்ன பொருளில் கொண்டாடுகிறார்கள்

கத்தோலிக்க மரபில் நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலம் விழாவுக்கு முன் வருகிறது. அது பிறந்துவிட்ட குழந்தைக்கும், மீண்டும் வரப்போகிற நடுவருக்கும் சேர்த்துக் காத்திருக்கும் காலம். விழாவன்று நள்ளிரவிலும் வைகறையிலும் பகலிலும் என மூன்று திருப்பலிகள். வீடுகளிலும் ஆலயங்களிலும் வைக்கும் குடில், அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்னும் ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்த காட்சியின் வழிவந்தது. அரண்மனையில் அன்று, மாட்டுத் தொழுவத்தில் என்பதே அவர் காட்ட விரும்பியது. சென்னையில் உள்ள கேரளச் சிரிய மரபுத் திருச்சபையார் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பிருந்து, விழா வழிபாட்டில் தீ வளர்த்துச் சுற்றி வருகின்றனர். மேய்ப்பர்கள் குளிர்காய்ந்த தீயை அது நினைவூட்டும் என்பர்.

இறைவன் மனிதரானார் என்ற நம்பிக்கையைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது என்பதும் சென்னையில் பேசப்பட்ட பொருளே. அவதாரம் என்றால் பலமுறை வந்து போவது என்று பொருள்படும் என அச்சொல்லைத் தவிர்த்தவர்கள் உண்டு. வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் பின்னர்ச் சென்னை மேயராக இருந்தவருமான வெ. சக்கரை செட்டியார் அதைத் துணிந்து எடுத்துக்கொண்டார். 'இயேசு என்னும் அவதாரம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் நூலே எழுதினார். மற்ற அவதாரங்கள் வேலை முடிந்ததும் நீங்கிவிடும், இயேசுவில் இறைவன் எடுத்த மனிதத்தன்மை நீங்குவதே இல்லை என்பது அவர் வாதம். மார்கழியில் பக்கத்துத் தெருவில் திருப்பாவை ஒலிக்கும் ஊரில், இந்தச் சொல்லாராய்ச்சி வெறும் இலக்கணமன்று. அண்டைவீட்டாருக்குத் தம் விழாவை விளக்கும் வழி.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பன்னாட்டு மறைபரப்பு மாநாடு கூடியது. அதில் வந்திருந்தவர்கள் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸைத் தாம்பரத்திலேயே கழித்தனர். அப்போது ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த சீனா, ஜப்பான் ஆகிய இரு நாட்டுக் கிறிஸ்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

விழாவுக்கு அடுத்த நாள்கள் மகிழ்ச்சிக்கு மட்டும் உரியவையல்ல. டிசம்பர் 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். டிசம்பர் 28 ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். தொட்டிலுக்கு அருகிலேயே பழைய திருச்சபை இவற்றை வைத்தது. 2004இல் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை சாந்தோமை ஒட்டிய பட்டினப்பாக்கம் குப்பங்களிலும் மெரினாவிலும் ஏறியது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி சென்றிருந்த பயணிகள் பலர் திரும்பவில்லை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று பட்டினப்பாக்கம் கரையில் மீனவர்கள் கடலில் பாலூற்றி மலர் தூவுகின்றனர். அப்போது முந்தின நாள் கட்டிய விண்மீன் விளக்குகள் வீடுகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அவை மூன்று ராசாக்கள் திருநாள் வரை இருக்கும்.